இல்லாத தேவாலயத்தை இருந்த இடத்திற் காண்டல்

யாழ்ப்பாணக் கோட்டையினுள் ஒல்லாந்தர் 1706 ஆம் ஆண்டில் ஒரு தேவாலயம் எழுப்பினர். நான்கு கைகளும் ஒத்த சிலுவை வடிவில் அமைந்த அக்கட்டடம் 1990 ஆம் ஆண்டின் முற்றுகைப் போரில் அழிந்தது. இன்று அங்குக் காணப்படுவன இடிபாடுகளே. எனினும், அழிந்த கட்டடத்தை அது நின்ற நிலத்திலேயே கண்ணுக்குப் புலப்படுத்தும் உபாயம் ஒன்று இக்காலத்தில் உண்டு. கமரா காட்டும் மெய்க்காட்சியின்மேற் கணினி வரைந்த உருவத்தைப் பொருத்தும் அக்கலையை மிகைமெய்ம்மை என்பர்.

1968 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக்கருவி ஒன்றை அமைத்தார். 1999 இல் யப்பானியரான ஹிரோகசு கட்டோ, அச்சிட்ட சதுரக் குறியொன்றைக் கமராவாற் கண்டு, அதன் சாய்வையும் தொலைவையும் கணித்து, அதன்மேல் உருவத்தை நிறுத்தும் மென்பொருளை ஆக்கினார். அடுத்த சில ஆண்டுகளிற் கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில் இடிந்த கோயில்களை இவ்வாறு காட்ட முயன்றனர். ஆயின் காண்போர் முதுகிற் கணினியைச் சுமக்க வேண்டியிருந்தது. சுமை நீங்கியது 2017 இல் என்னலாம். அவ்வாண்டில் ஏஆர்.ஜேஎஸ் என்னும் நிரற்றொகுதி வெளிவந்தது. ஐபோனின் உலாவியும் இணையப் பக்கங்களுக்குக் கமராவைத் திறந்துவிட்டது. தனிச் செயலி எதனையும் நிறுவாமலே, கைத்தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்த அளவிற் காட்சி கிடைப்பதாயிற்று.

அமைக்கும் முறை அத்துணை அரிதன்று. முதலிற் கட்டடத்தின் முப்பரிமாண உருவம் வேண்டும். அதனைச் சில மெகாபைற்றுக்குட் சுருக்கல் வேண்டும். இல்லையேற் காட்சி தோன்றுமுன் காண்போர் அப்பாற் சென்றுவிடுவர். உருவையும் பக்கத்தையும் சாதாரண இணைய வழங்கி ஒன்றில் ஏற்றினாற் போதும். ஆனால் இணைப்பு எச்ரிரிபிஎஸ் என்னும் பாதுகாப்பான முறையினதாதல் வேண்டும். அஃதின்றேல் உலாவி கமராவைத் திறவாது. அமைத்தவரின் கணினிக்கு இவ்விதி விலக்காதலின், வீட்டிற் செம்மையாய் இயங்கியது களத்தில் இருண்ட திரையாய் நிற்பதும் உண்டு. இடத்தைச் செய்மதி கொண்டு குறிப்பின் சில மீற்றர் பிழை நேரும்; தேவாலயம் தன் அடித்தளத்தை விட்டு விலகித் தோன்றும். குறிப்பலகை நாட்டுவதே நன்று. அதுவும் பளபளப்பற்றதாதல் வேண்டும். நண்பகல் வெயிலின் ஒளித்தெறிப்பிற் கமரா குறியை அறியாது.

இவையெல்லாம் சிறு இடர்களே. பேரிடர் சான்றினைப் பற்றியது. சிலுவைத் தேவாலயத்துக்கு 1990 இற்கு முற்பட்ட நிழற்படங்கள் உண்டு; அதன் அடித்தளமும் அங்கேயே கிடக்கிறது. ஆனால் 1621 இற் போர்த்துக்கேயர் இடித்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு அத்தகைய அளவுப்படம் யாது உளது? தமிழர் நெஞ்சம் முதலிற் காண விழைவது அக்கோயிலையே, அதுவும் இயல்பே. எனினும் ஊகத்தால் எழுப்பிய கோபுரத்தைக் கண்ட மாணவன் அதனை வரலாறென்றே கொள்வான். ஏட்டில் எழுதிய ஊகத்துக்கு ‘போலும்’ என்னும் ஒரு சொல் காவலாய் நிற்கும். கண்முன் நிற்கும் உருவத்துக்கு அக்காவலும் இல்லை. இதுபற்றியே, 2009 இற் செப்பஞ்செய்து வெளியிடப்பெற்ற இலண்டன் சாசனம், இத்தகைய உருவங்களிற் சான்றுடையது எது, ஊகம் எது என்பது புலப்பட வேண்டும் என்றது. தேவாலயத்தின் ஐயத்துக்குரிய பகுதிகளை வேறு நிறத்திற் காட்டினால் அது நிறைவேறும். நல்லூரைப் பற்றிய பக்கத்திலோ கோபுரத்துக்கு மாறாகச் சான்றுகளையே வைத்தல் தகும்.

கோட்டையினுள் எடுத்த பழைய நிழற்படங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளிலும் புலம்பெயர்ந்தோரிடத்தும் இன்னும் இருத்தல் கூடும். உருவம் வரையத் தொடங்குமுன் அவற்றைத் திரட்டல் வேண்டும்.