கேக் கணக்கில் பிறந்த கணினி

லண்டன் பிக்காடிலியில் 1894-இல் லயன்ஸ் நிறுவனம் தன் முதல் தேநீர்க் கடையைத் திறந்தது. சில பத்தாண்டுகளில் கடைகள் இருநூறைத் தாண்டின. ரொட்டி, கேக், ஐஸ்கிரீம் என எல்லாவற்றையும் தானே தயாரித்து, தன் வண்டிகளிலேயே ஏற்றி அனுப்பியது. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு பன்னிலும் மிஞ்சுவது மிகச் சொற்பம். ஆகவே சில்லறை ரசீதுகளை விடாமல் கூட்டிப் பார்த்தால்தான் லாபமா நஷ்டமா என்பதே தெரியும். கூட்டுவதற்கென்றே குமாஸ்தாக்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த ஜான் சிம்மன்ஸ் 1923-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். இத்தனை எண்களை எழுதுகிறார்களே, இவற்றை யார் படிக்கிறார்கள், படித்து என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதே அவர் அக்கறை. 1930-களில் அலுவலக முறைகளை ஆராயவே அங்கு ஒரு தனிப் பிரிவு இருந்தது. டேட்டா அனலிஸ்ட் என்ற பதவி அன்று இல்லை. ஆனால் அந்தப் பிரிவினர் பார்த்தது அந்த வேலையைத்தான்.

1947-இல் லயன்ஸ் அதிகாரிகளான தாம்சனும் ஸ்டாண்டிங்ஃபோர்டும் அலுவலக முறைகளைப் பார்த்துவர அமெரிக்கா போனார்கள். மின்னணுக் கணினியைப் பற்றி விசாரித்தபோது, தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கேம்பிரிட்ஜில், மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஒன்றைக் கட்டிவருவது தெரியவந்தது. லயன்ஸ் அந்த முயற்சிக்குப் பண உதவி செய்தது. பிறகு அதே அமைப்பைப் பின்பற்றித் தனக்கொரு கணினியைக் கட்டிக்கொண்டது. லியோ என்று பெயர். 1951 நவம்பர் கடைசியில் பேக்கரிப் பண்டங்களின் வாராந்தர மதிப்பீட்டுக் கணக்கை அது போடத் தொடங்கியது. வணிக அலுவலகத்தின் அன்றாட வேலைக்குக் கணினி வந்தது அங்கேதான்.

ஆனால் லியோவின் வரலாற்றில் கொண்டாட வேண்டியது எந்திரத்தின் வேகத்தை அல்ல. லயன்ஸின் டேவிட் காமினர் தலைமையிலான குழு 1954-இல் தேநீர்க் கடைகளின் தினசரி ஆர்டரை மாற்றியமைத்த விதம்தான் அசல் சாதனை. அவர்கள் பழைய படிவங்களை அப்படியே கணினிக்குள் திணிக்கவில்லை. ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு கிழமைக்கும் வழக்கமான தேவை என்ன என்று முதலில் வகுத்தார்கள். கடை மேலாளராக இருந்த பெண்மணிக்குப் பிற்பகலில் தொலைபேசி அழைப்பு வரும். அன்று கூடுதலாக என்ன வேண்டும், எது குறைவாகப் போதும் என்பதை மட்டும் அவர் சொல்வார். எதிர்முனையில் இருப்பவர் கேட்கக் கேட்க, கணினி படிக்கும் அட்டையில் துளையிடுவார். அதைக்கொண்டு மறுநாளுக்கான சரக்கு அடுக்கும் பட்டியலையும் வண்டியில் ஏற்றும் பட்டியலையும் லியோ அச்சடித்துத் தரும். மாறுவதை மட்டும் கேட்டால் போதும் என்று கண்டுபிடித்தது கணினி அல்ல. கடையின் நடைமுறையைக் கூர்ந்து பார்த்த மனிதர்கள்.

சம்பளக் கணக்கையும் லியோ போட்டது. ஒரு குமாஸ்தா எட்டு நிமிடத்தில் போடும் ஓர் ஊழியரின் கணக்கை லியோ ஒன்றரை விநாடியில் முடித்தது. அதற்கான நிரல்களில் உழைத்தவர்களில் மேரி கூம்ப்ஸ் ஒருவர். வணிகக் கணினிக்கு நிரல் எழுதிய முதல் பெண்களுள் அவரை வைத்துப் பேசுகிறார்கள்.

ஃபோர்டு போன்ற வெளி நிறுவனங்களும் தங்கள் சம்பளக் கணக்கை லியோவிடம் கொடுத்தன. 1954-இல் கணினி விற்பதற்கென்றே லயன்ஸ் தனி நிறுவனம் தொடங்கியது. 1963-இல் அது இங்கிலீஷ் எலெக்ட்ரிக்கின் கணினிப் பிரிவோடு இணைந்தது.