டாப்சைட் கிரீப்பர்

லோரி எஞ்சினுக்கு மேலே மெக்கானிக் குப்புறப் படுத்து வேலை செய்வதற்கான, மெத்தைப் பலகையும் ஏணிக் கால்களும் கொண்ட சாய்மேடை. வண்டிக்கு அடியில் மல்லாந்து உருளும் சாதாரண கிரீப்பர் வேறு.

வாங்குமுன் வண்டியைப் பார்க்க வேண்டும். மூக்கு நீண்ட லோரிகளுக்கே இது மிகப் பொருந்தும்: பானெட்டைத் திறந்து முன்னாலிருந்து நீட்டிவிடலாம். கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் இழுக்கும் ஸ்கானியா, வோல்வோ, ஹினோ வண்டிகளோ பெரும்பாலும் தட்டை முகத்தவை. கேபினை முன்னால் கவிழ்த்தால்தான் எஞ்சின் முழுசாகத் தெரியும். கவிழ்ந்த கேபின் முன்வழியை அடைத்துக்கொள்வதால் மேடையைப் பக்கவாட்டில், டயருக்கு மேலாக நீட்ட வேண்டியிருக்கும். ஆகவே உயரமும் நீட்டமும் முதல் கணக்கு. கேபின் பூட்டு சரியாக விழுந்ததா என்பது அதற்கும் முந்தியது.

பரவலாகக் கிடைப்பவை சுமார் 180 கிலோ தாங்கும். கையிலுள்ள ஸ்பேனர், கழற்றிய உதிரிபாகம் எல்லாம் அதில் சேர்த்தி. மேடுபள்ளமான பட்டறைத் தரையில் சிறு சக்கரங்களை நம்புவதற்கில்லை. பூட்டும் வசதியுள்ள பெரிய சக்கரமே நல்லது. மெத்தை உறை எண்ணெயை உறிஞ்சாததாக இருக்கட்டும்.