மரம், வரிசை, மஞ்சள் வில்லை

1

விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். விதிகளை எழுதுகிறவர்கள் ஒருபோதும் அப்படி எடுத்துக்கொண்டதில்லை. எது செல்வம், எது இழப்பு, யார் ஆடுகிறவர், யார் ஆடப்படும் காய் என்பதையெல்லாம் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். ஆக, விதிப் புத்தகமும் ஒரு பிரதி. கதை, கவிதை, சினிமா என்று எல்லாவற்றையும் கட்டுடைத்துப் பார்த்த நம் சிறுபத்திரிகைச் சூழல் இந்தப் பிரதியின் பக்கம் அதிகம் திரும்பியதில்லை. ஒரே ஒரு விளையாட்டின் இடப்பெயர்ச்சியை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலகையிலிருந்து கணிப்பொறிக்கும், கணிப்பொறியிலிருந்து சீட்டுக்கும் அது போனது. அதன் பெயர் 'சிவிலைசேஷன்', அதாவது நாகரிகம்.

1980இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் ட்ரெஷம் இந்தப் பெயரில் ஒரு பலகை விளையாட்டை வெளியிட்டார். மத்தியதரைக் கடலைச் சுற்றிய நிலப்படம். அதில் நகரங்களை எழுப்பி, சரக்குச் சீட்டுகளைப் பண்டமாற்று செய்து, அந்த மதிப்பில் கலை, கைவினை, சட்டம் போன்ற முன்னேற்றங்களை வாங்க வேண்டும். சரக்குச் சீட்டுகளுக்கு நடுவே பஞ்சமும் கொள்ளைநோயும் உள்நாட்டுப் போரும் ஒளிந்திருக்கும். சில பேரிடர்களைச் சரக்கோடு சரக்காகப் பக்கத்து நாட்டுக்காரன் தலையில் கட்டிவிடலாம். 1991இல் அமெரிக்காவின் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் அதே பெயரில் ஒரு கணிப்பொறி விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். ஷெல்லி அதற்கு முன் அவலான் ஹில் என்ற பலகை விளையாட்டு நிறுவனத்தில் இருந்தவர். ட்ரெஷமின் ரயில் விளையாட்டு ஒன்று '1830' என்ற அமெரிக்க வடிவம் எடுத்ததில் அவருக்குப் பங்குண்டு.

1997இல் அந்தப் பெயர் யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. அவலான் ஹில்லும் ஆக்டிவிஷனும் ஒரு பக்கம், மைக்ரோப்ரோஸ் மறுபக்கம். 1998இல் சமரசம் ஆனது. அதே ஆண்டில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் மைக்ரோப்ரோஸையும் அவலான் ஹில்லையும் சேர்த்தே வாங்கிப்போட்டது. கதை முடிந்தது. குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசியில் 'நாகரிகம்' என்ற சொல் வருகிறது. நஞ்சு என்று தெரிந்தும் மறுக்காமல் உண்கிறவரின் தாட்சண்யத்துக்கு அங்கே அந்தப் பெயர். இங்கே நாகரிகம் ஒரு வணிகக் குறி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை வாசகர்களே அளந்துகொள்ளலாம்.

2

கணிப்பொறி விளையாட்டு கி.மு. 4000இல் தொடங்குகிறது. திரை முழுக்கக் கறுப்பு. குடியேறிகள் நகர நகர நிலம் வெளிச்சமாகிறது. நாம் பார்க்கும் வரைக்கும் அங்கே ஒன்றும் இல்லை என்பதே முதல் விதி. இடையில் சில குடில்கள் தென்படும். நுழைந்தால் பொன் கிடைக்கும், ஒரு தொழில்நுட்பம் கிடைக்கும், அல்லது 'காட்டுமிராண்டிகள்' பாய்வார்கள். நுழைந்த பிறகு அந்தக் குடில் படத்திலேயே இருக்காது. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க எந்தப் பொத்தானும் கிடையாது. 1993இல் ஆலன் எம்ரிக் என்ற விமர்சகர் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற இன்னொரு விளையாட்டைப் பற்றி எழுதியபோது இவ்வகை ஆட்டத்தை நான்கு வினைச்சொற்களில் சுருக்கினார்: கண்டறி, விரிவுபடு, சுரண்டு, அழித்தொழி. கண்டனமாக எழுதியது அல்ல. இன்றைக்கும் அந்த நான்கின் சுருக்கமே இந்த வகைமையின் பெயர்.

அடுத்தது தொழில்நுட்ப மரம். எழுத்துகள் தெரிந்தால்தான் எழுதும் கலை, வெண்கலம், பிறகு இரும்பு, உச்சியில் விண்கலம். எந்த நாகரிகமானாலும் ஏற வேண்டிய மரம் ஒன்றுதான். ஐரோப்பா போன வழியில் எல்லோரும் வரிசையாகப் பின்னால் வருகிறார்கள் என்ற பெருங்கதையாடலை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொன்னதில்லை. இதற்கான கணக்குகளையெல்லாம் இயந்திரம் உள்ளுக்குள் போட்டுக்கொள்கிறது. எவ்வளவு தானியம், எத்தனை பேர் அதிருப்தியில் இருக்கிறார்கள் என்று நமக்கு முடிவு மட்டும் வந்து சேர்கிறது. கணக்கு கண்ணில் படாதபோது அது இயற்கை மாதிரி தெரியும். கருத்தியல் வேலை செய்வதும் இப்படித்தான்.

3

இதை மறுபடி மேசைக்குக் கொண்டுவர முயன்றவர்கள் பலர். 2002இல் ஈகிள் கேம்ஸ் வெளியிட்டது நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் பொம்மைகளும் பெரிய நிலப்படமுமாகத் திரையை அப்படியே மேசையில் விரித்தது. 2006இல் 'சிவிலைசேஷன் க்ரானிகிள்ஸ்' தொகுப்புப் பெட்டியோடு ஒரு சீட்டாட்டம் வந்தது. கணிப்பொறி விளையாட்டின் நான்காம் பாகத்தை வடிவமைத்த சோரன் ஜான்சன் செய்தது. ஆனால் தழுவல் என்றால் என்ன என்று யோசிக்க வைத்தது, அதே 2006இல் செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் கொண்டுவந்த 'த்ரூ தி ஏஜஸ்'. முன்னோடி யார் என்பதை ஆட்டமே ஒப்புக்கொள்கிறது. அதன் தலைவர் சீட்டுகளில் ஐன்ஸ்டைன், காந்தியோடு சிட் மையருக்கும் ஒரு சீட்டு உண்டு.

ஹ்வாட்டில் முதலில் நிலப்படத்தைத் தூக்கி எறிந்தார். நாடு என்பது இப்போது ஒவ்வொருவர் முன்னாலும் இருக்கும் சில சீட்டுகள், அவ்வளவுதான். அடுத்து மரத்தையும் வெட்டினார். நடுவில் 13 சீட்டுகளின் வரிசை. முதல் 5 சீட்டுகளில் ஒன்றை எடுக்க 1 செயல் செலவாகும், அடுத்த 4க்கு 2, கடைசி 4க்கு 3. ஒவ்வொரு முறையும் வரிசை நகரும். காத்திருந்தால் விலை இறங்கும். அதற்குள் அடுத்தவன் எடுத்துவிட்டால் போச்சு. இரும்பைத் தவறவிட்டவன் இரும்பில்லாமலே நிலக்கரிக்கோ எண்ணெய்க்கோ தாவலாம், அதற்கான அறிவுப் புள்ளிகள் கையில் இருந்தால்.

இதைப் படிநிலை வரலாற்றிலிருந்து விடுதலை என்று கொண்டாடத் தோன்றும். உண்மையில் ஒன்று உடைந்திருக்கிறது: எல்லோருக்கும் ஒரே பாதை என்பது. ஆனால் மரம் இருந்த இடத்தில் இப்போது சந்தை இருக்கிறது. அறிவு என்பது விலைச்சீட்டோடு நகரும் பண்டம், முந்துபவனுக்கு அது சொந்தம். 1991இன் ஆட்டத்தில் வளர்ச்சி என்பது விதி. 2006இன் ஆட்டத்தில் அது போட்டி. இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் உலகமே போன பாதை இது. ஹ்வாட்டில் இதை நினைத்துச் செய்திருக்க வேண்டியதில்லை. பிரதி, ஆசிரியன் நினைப்பதற்காகக் காத்திருப்பதில்லை.

4

சீட்டுக்கு வந்ததில் ஒரு பெரிய லாபம் உண்டு. இயந்திரம் ஒளித்துவைத்த கணக்கைக் கை போட வேண்டியிருக்கிறது. மஞ்சள் வில்லை என்றால் மக்கள். கிடங்கிலிருந்து உணவு கொடுத்து எடுத்து வந்தால் வேலையில்லாதவர். வயல் சீட்டில் வைத்தால் உழவர். படைச் சீட்டில் வைத்தால் சிப்பாய். எல்லாம் அதே வில்லை. தலைவர்களுக்குப் பெயரும் படமும் அச்சாகியிருக்கின்றன. மஞ்சள் வில்லையில் எதுவும் இல்லை. நீல வில்லைகள் உணவும் மூலப்பொருளும். அவற்றை அதிகமாகச் சேர்த்துவைத்தால் 'ஊழல்' தின்றுவிடும். மக்கள்தொகை கூடக்கூட மகிழ்ச்சிக் குறிகள் வேண்டும். குறைந்தால் அதிருப்தி. அதிருப்தி வேலையில்லாதவர் எண்ணிக்கையைத் தாண்டினால் கலகம், அந்த முறை உற்பத்தியே கிடையாது. மருந்து என்ன? கோயில் கட்டு, கேளிக்கை அரங்கம் கட்டு. கலகம் இங்கே ஒரு பழுது. அது கோரிக்கையாக மாற வழியில்லை. ஆனாலும் இதையெல்லாம் நம் விரலே நகர்த்துவதால் விதி கண்ணில் உறுத்துகிறது. திரையில் இந்த உறுத்தல் கிடையாது.

நஷ்டம் நிலத்தில் இருக்கிறது. கணிப்பொறியில் குடிலாவது இருந்தது, நுழைந்து அழிக்கவாவது ஓர் இடம் இருந்தது. சீட்டில் காலனி ஏலத்துக்கு வருகிறது. அதிகப் படை காட்டுபவனுக்கு அது போகும், அதற்காகச் சில படைகளைப் பலியிட வேண்டும். ஒரு வகைச் சீட்டின் பெயர் 'மக்கள் வாழும் பிரதேசம்'. வென்றவனுக்கு அது என்ன தருகிறது? கூடுதல் மஞ்சள் வில்லைகள். அங்கே வாழ்ந்தவர்களே பரிசு. கொலம்பஸ் சீட்டு வைத்திருப்பவன் ஒரு காலனியை எந்தப் பலியும் இல்லாமல் பெறலாம். யாருடைய பலி என்ற கேள்விக்கு விதிப் புத்தகத்தில் இடமில்லை. 'பண்பாட்டுக்கான போர்' என்றொரு சீட்டும் இருக்கிறது. ஜெயித்தவன் தோற்றவனின் பண்பாட்டுப் புள்ளிகளை எடுத்துக்கொள்வான். அருங்காட்சியகங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது நகைச்சுவையாகத் தெரியாது.

காந்தி இரண்டிலும் வருகிறார். கணிப்பொறி காந்தி அணுகுண்டு வீசுவதாக ஒரு கதை பரவியது. நிரலில் ஒரு எண் பூஜ்யத்துக்குக் கீழே போய் 255 ஆகிவிட்டதாம். அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்று மையர் 2020இல் தன் நினைவுக்குறிப்பில் மறுத்தார். ஆனால் 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே காந்திக்கு ஏற்றிவைத்திருந்தார்கள், வேடிக்கைக்காக. சீட்டுக் காந்தி வேறு ஆள். அவரை வைத்திருப்பவர் தாக்கவோ போர் தொடுக்கவோ முடியாது. அவரைத் தாக்குபவருக்கு இருமடங்கு செலவாகும். அகிம்சை இங்கே கேலிப்பொருள் ஆகாமல் ஒரு விதியாகிறது. அதே சமயம் அது ஒரு நல்ல பூட்டாக மட்டும் மிஞ்சுகிறது. உப்புக்காக நடந்தவர்கள் இல்லை, சிறை நிரப்பியவர்கள் இல்லை. தலைவர் மட்டும் இருக்கிறார்.

5

2018இல் ஆறாம் பாகத்தின் நீட்சியில் கனடாவின் க்ரீ மக்களின் தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தார்கள். பவுண்ட்மேக்கர் க்ரீ சமூகத்தின் தலைவர்களில் ஒருவரான மில்டன் டூடூசிஸ் இதைக் கண்டித்தார். பிறர் நிலத்தைப் பிடிப்பது எங்கள் மக்களின் விழுமியமாகவும் இருந்தது என்ற பொய்யை இது தொடர்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். பிரதிநிதித்துவம் கேட்டுப் போராடுகிற நமக்கு இது முக்கியமான பாடம். முகத்தைச் சேர்ப்பதால் விதி மாறுவதில்லை. அதே ஆட்டத்தை ஆட இன்னொரு ஆள் கிடைக்கிறார், அவ்வளவே.

'த்ரூ தி ஏஜஸ்' 2017இல் கைபேசிக்கும் வந்துவிட்டது. வில்லைகளை எண்ணும் வேலை மறுபடி இயந்திரத்திடம். ஆட்டம் வேகமாக முடிகிறது, தவறு நேர்வதில்லை, சௌகரியம்தான். ஆனால் கலகம் வந்த முறையில் ஏன் விளைச்சல் இல்லை என்று கையால் எண்ணிப் பார்த்த அந்தச் சில நிமிடங்கள் போய்விட்டன. அரசியல் வாசிப்புக்கு இடம் இருந்தது அங்கேதான்.

மாற்று விளையாட்டு வேண்டும் என்று பேசுகிறவர்கள் புதிய தலைவர் சீட்டுகளைப் பட்டியலிடுவதை நிறுத்திவிட்டு, வயல் சீட்டில் வைத்த மஞ்சள் வில்லை அங்கிருந்து நகர மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு விதி எழுதிப் பார்க்கட்டும். அது கஷ்டம். ஆட்டத்தையே முதலிலிருந்து எழுத வேண்டிவரும்.