முதற்கல் எந்தப் பள்ளிக்கு?

பள்ளி திறக்கும் நாளும் பருவமழை தொடங்கும் நாளும் திருவனந்தபுரத்தில் பெரும்பாலும் கைகோத்தே வருகின்றன. புதுக்குடையும் புத்தாடையுமாகப் பிள்ளைகளை வகுப்பு வாயிலில் விட்டுத் திரும்புகையில் நம்மிற் பலருடைய பார்வை தானாகவே கூரையை நோக்குகின்றது. ஓடு சரிந்துள்ளதா, உத்தரத்தில் ஈரம் ஊறியுள்ளதா என்று பார்க்கின்றோம். சிறிது தொலைவில் உள்ள மற்றொரு பள்ளியிலோ மூன்று மாடிக் கட்டடம் எழுந்து நிற்கின்றது. அங்கு வந்த பணம் இங்கு வராதது ஏன்? எந்தப் பள்ளியை முதலிற் கட்டுவது, எதனைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்பதை முடிவு செய்பவர் யாவர்? அவர் கையில் உள்ள அளவுகோல் யாது? இவ்வினா இன்று நேற்றுப் பிறந்ததன்று. இந்நாட்டில் அது இருநூறு ஆண்டுப் பழமையுடையது.

திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் 1817-ஆம் ஆண்டில், மக்களுக்குக் கல்வி புகட்டும் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவெழுத்து விடுத்தார். இந்தியாவில் அக்காலத்து மன்னர் எவரும் எளிதிற் சொல்லாத சொல் அது. எனினும் அரசின் பணம் அளவுடையது, ஊர்களோ பல. ஆதலின் செலவை ஏற்ற அன்றே வரிசைப்படுத்தும் கவலையும் பிறந்துவிட்டது எனலாம்.

அக்கவலைக்கு ஒரு விடை கண்டவர் திவான் மாதவராவ். தலைமைச் செயலகத்தின் எதிரே சிலையாக நின்று, அச்சந்திப்புக்கே 'ஸ்டாச்சு' என்ற பெயரை அளித்துள்ள அப்பெருமகனார் கும்பகோணத்திற் பிறந்தவர் என்பது நம்மவர் சிலருக்குப் புதுச்செய்தியாக இருக்கலாம். 1857 முதல் 1872 வரை திவானாக விளங்கிய அவர் காலத்தில் தலைநகரில் மகாராஜா கல்லூரி உருப்பெற்றது. 'மனோன்மணீயம்' இயற்றிய சுந்தரம் பிள்ளை பயின்றதும் பின்னர் மெய்ப்பொருளியல் கற்பித்ததும் அக்கல்லூரியிலேதான். தாய்மொழிக் கல்விக்கோ தாலுகாதோறும் பள்ளி என்பதே அவர் காலத்து முறையாயிற்று. பகுதிக்கு ஒன்று என்பது காண்பவர்க்கு நடுநிலையாகத் தோன்றும் அளவுகோல். ஆனால் ஒரு பகுதிக்குள்ளேயே எவர் பிள்ளைக்கு இடம், எவர் பிள்ளைக்கு இல்லை என்பதை அது கேட்பதில்லை.

அதனைக் கேட்டவர் அய்யன்காளி. 1904-இல் வெங்கானூரில் தம் மக்களுக்கென அவர் எழுப்பிய குடிப்பள்ளியைப் பகைவர் அழித்தனர்; அவர் மீண்டும் எழுப்பினார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளையும் அரசுப் பள்ளிகளிற் சேர்க்க வேண்டும் என்ற ஆணை பிறந்த பின்னரும் கதவுகள் திறக்கவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர் நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சேர்ந்த ஊருட்டம்பலம் பள்ளிக்குட் புகுந்தார். அச்சிறுமி அமர்ந்தாள் என்பதற்காகவே பள்ளிக்குத் தீயிட்டனர். எரிந்து எஞ்சிய பலகை ஒன்றை அப்பள்ளி இன்றும் காத்து வருகின்றது. நூறாண்டுக்கு மேலாயிற்று. 2022-ஆம் ஆண்டில் அங்குப் புதுக்கட்டடம் திறக்கப்பெற்றது; பள்ளிக்கும் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பெற்றன. நகரிலிருந்து காலையிற் புறப்பட்டு நண்பகலுக்குள் கண்டு திரும்பத்தக்க இடம். நம் குழந்தைகளை மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் செல்லும் ஆர்வத்திற் பாதியேனும் இதற்குக் காட்டலாம்.

1956 நவம்பர் முதல் நாள் நம் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தலைநகரில் வாழ்ந்த தமிழர் புதிய கேரளத்தில் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். அதே ஆண்டில் அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் கற்க வசதி செய்ய வேண்டும் என்கின்றது அது. மொழியைக் காத்த அப்பிரிவு கூரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேரளக் கல்விச் சட்டத்தின்கீழ் 1959-இல் வந்த விதிகளே கட்டடத்தைப் பற்றிப் பேசின. ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் கட்டடம் உறுதியாக உள்ளதெனச் சான்று பெறும் வழக்கம் இன்றும் உண்டு. உறுதியில்லை எனக் காண்பது ஒரு கை. அதனைச் செப்பனிடப் பணம் தருவது மற்றொரு கை.

அக்காலத்தே அண்டையிலிருந்த சென்னை மாநிலம் வேறொரு வழி கண்டது. காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டினார். ஒவ்வொரு பள்ளியும் தனக்கு வேண்டுவன இவையெனப் பட்டியல் எழுதும். சுவர், கிணறு, கரும்பலகை என ஊரார் ஒவ்வொன்றாக ஏற்பர். இம்முறையில் ஒரு குறையும் உண்டு. செல்வர் வாழும் ஊரின் பட்டியல் விரைவில் தீரும். ஏழை ஊரின் பட்டியல் நீண்டே கிடக்கும்.

கேரளத்தில் 1995-இல் அரசுப் பள்ளிகளின் பொறுப்பு உள்ளாட்சிகளுக்கு வந்தது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் ஊராட்சிக்கும், உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்துக்கும், நகரப் பள்ளிகள் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ உரியவாயின. மறு ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், முன்னுரிமையை ஊர்ச் சபையிலேயே பேசித் தீர்க்கச் செய்தது. நாம் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். புதிதாகக் கட்டும் பணம் ஒரு பையில் உள்ளது. பழுது பார்க்கும் பராமரிப்பு நிதி வேறொரு பையில் உள்ளது. பெருங்கட்டடத்திற்குக் கல் நாட்டியதனால் பக்கத்துக் கட்டடத்தின் ஓடு தானே மாறிவிடாது.

பெரும் பை திறந்தது 2016-க்குப் பின்னரே. பொதுக் கல்விப் பாதுகாப்பு யக்ஞம் என்னும் பெயரில் அரசு தொடங்கிய இயக்கத்திற்குக் கேரள உட்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம், மக்கள் வழக்கில் 'கிஃப்பி', பொருள் அளித்தது. பல்துறைப் பணிகளுக்கும் பொருள் தேடும் அவ்வாரியம் 2019-இல் கடன் பத்திரம் வெளியிட்டு 2,150 கோடி ரூபாய் திரட்டி, இலண்டன் பங்குச் சந்தையிலும் பெயர் பதித்தது. பள்ளிகளுக்கு அது வகுத்த அளவுகோல் எளியது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்ற கணக்கில் தேர்ந்த 141 பள்ளிகளுக்குத் தலா 5 கோடி. 1,000-க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளுக்குத் தலா 3 கோடி. 500-க்கு மேற்பட்டவற்றுக்குத் தலா 1 கோடி. கோழிக்கோட்டு நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளி 2013-இல் பெற்ற புதுப்பொலிவு இம்முயற்சிக்கு ஒரு முன்மாதிரி. இதன் பயனை மறுப்பது நன்றியின்மை. அரசுப் பள்ளியை விட்டு விலகிய நடுத்தரக் குடும்பங்கள் பல, மீண்டும் அதன் வாயிலுக்கு வந்ததை நாமே கண்டோம்.

ஆயினும் அளவுகோலை மீண்டும் ஒருமுறை உற்று நோக்குக. அது எண்ணுவது தலைகளை. விரிசல்களை அன்று. தமிழ்வழிப் பள்ளி இந்நகரில் இயல்பாகவே சிறியது. சாலைத் தமிழ்ப் பள்ளியைப் பற்றி நம் காலனியில் அறியாதார் இலர். அதைப் போன்றவை தோட்டப் பகுதிகளான மூணாறு, பீருமேடு ஆகிய இடங்களிலும் பாலக்காட்டு எல்லையிலும் உள்ளன. மலையாள வழிப் பள்ளியோடு தலைக்கணக்கிற் போட்டியிட அவற்றால் இயலுமா? சிறுபான்மை என்பதன் பொருளே எண்ணிக்கையிற் குறைவு என்பதன்றோ! எண்ணிக்கையையே தகுதியாக வைத்தால், காக்கப்பட வேண்டிய காரணமே கைவிடப்படும் காரணமாகி விடுகின்றது. கோழிக்கோடு மலாப்பறம்பில் பிள்ளைகள் குறைந்து 'ஆதாயமற்ற' பள்ளி எனப் பெயர் பெற்ற ஒன்றை அதன் உரிமையாளர் 2014-இல் இடித்தே விட்டார். ஊரார் திரண்டு மீண்டும் கட்டினர். 2016-இல் அரசு அதனை ஏற்றது. அங்கு ஊரார் இருந்தனர்.

மற்றொரு துயர நிகழ்ச்சி. 2019 நவம்பரில் வயநாட்டுச் சுல்தான் பத்தேரியில், வகுப்பறைத் தரையிலிருந்த பொந்து ஒன்றில் மறைந்திருந்த பாம்பு தீண்டி ஒரு மாணவி உயிர் நீத்தாள். பொந்தை அடைக்க ஒரு சட்டி சிமெண்டு போதும். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று கூரைத் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த நம்மினத்திற்கு இவ்வலி புரியாததன்று. அமெரிக்க நாட்டின் பள்ளி மாவட்டங்கள் பலவற்றில் ஒரு கணக்கு உண்டு. கட்டடத்தைப் பழுது பார்க்க ஆகும் செலவை, அதனைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுப்பர். விகிதம் மிகுந்தால் நோய் முற்றியது எனக் கொண்டு அதனை முன்னே நிறுத்துவர். அங்கும் வாக்காளர் கடன் பத்திரத்துக்கு இசைந்தாலன்றிப் பல இடங்களிற் பணம் வராது. செல்வமிக்க மாவட்டமே முந்தும். குறையில்லா அளவுகோல் எங்கும் கிடையாது. ஆயினும் தலைக்கணக்கோடு விரிசற்கணக்கையும், மொழிச் சிறுபான்மை என்னும் நிலையையும் சேர்த்தெண்ணுமாறு கேட்பது மிகையாகாது என்பதே நம் எண்ணம்.

சென்ற ஆண்டு நம் பெற்றோர் சிலருடன் வார்டு சபைக்குச் சென்றிருந்தோம். அதுவரை அக்கூட்டத்திற்கு நாம் சென்றதில்லை. அறிவிப்புத் தாளைப் படித்து மடித்து வைத்ததோடு சரி. நம் பிள்ளைகள் பயிலும் பள்ளியின் கழிப்பறைக் கூரை அன்றைய பட்டியலில் பதினொன்றாம் இடத்தில் இருந்தது. மழைநீர் ஒழுகும் இடங்களைக் குறித்த தாள் ஒன்றை நம் தாய்மார் ஒருவர் எழுந்து, தமிழும் மலையாளமும் கலந்து, சற்றுக் குரல் நடுங்கப் படித்தார். எதிரில் அமர்ந்திருந்த மலையாளப் பெற்றோர் இருவர் அதனை வழிமொழிந்தனர். கூட்டம் கலையும்போது அக்கூரை நான்காம் இடத்துக்கு வந்திருந்தது.