மருமகள்களைத் தெரியும், மாமியாரைத் தெரியுமா?

மாமியார் மெச்சிய மருமகள் இல்லைன்னு நம்ம ஊர்ல ஒரு பழமொழி உண்டு. ஒரு சென்னைக் குடும்பத்து விஷயத்துல சரித்திரம் மருமகள்களை நல்லாவே மெச்சிடுச்சு, மாமியாரைத்தான் மறந்துடுச்சு. மூத்த மருமகள் கிருபாபாய் சத்தியநாதன், ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். இளையவர் கமலா சத்தியநாதன், 1901-ல் சென்னையிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகசின்' நடத்தியவர். இலக்கிய வரலாறு படிக்கிறவங்களுக்கு ரெண்டு பேரையும் தெரிஞ்சிருக்கும். அந்த வீட்டை நிமிர்த்தி வெச்ச அம்மா அன்னா சத்தியநாதன். அவங்களைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

தாம்பரத்துல இருக்கிறவனுக்கு சிந்தாதிரிப்பேட்டைக் கதை எதுக்குன்னு கேட்கலாம். கிருபாபாயின் 'சகுணா' நாவல் முதலில் தொடராக வந்தது 1887-88-ல், மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின்ல. நம்ம எம்.சி.சி.தாங்க. அப்போ காலேஜ் பாரிமுனைப் பக்கம், இன்றைய ஹைகோர்ட்டுக்கு எதிரே இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937-லதான். அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் ஸ்டேஷனுக்குப் போறேன். ஒரு நாள் 'சகுணா' யார் எழுதினதுன்னு தேட ஆரம்பிச்சு, அங்கேயிருந்து மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அன்னா பிறந்தது 1832-ல். அப்பா ஜான் தேவசகாயம், தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையில் ஆரம்பத்திலேயே (1830) குருப்பட்டம் பெற்ற தமிழர்களில் ஒருவர். தரங்கம்பாடிப் பரம்பரை, பிறகு திருநெல்வேலிச் சீமையில் ஊழியம். ஆக பைபிளும் ஜெபமும் அன்னாவுக்குப் பிறந்த வீட்டுச் சாப்பாடு மாதிரி. கட்டிக்கிட்டவர் கதை வேற. டபிள்யூ.டி. சத்தியநாதன் இந்துக் குடும்பத்துப் பையன். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது 1847-ல் மதம் மாறியவர். பள்ளியை நடத்தியவர் குரூக்‌ஷாங்க்ஸ் என்ற கண் தெரியாத ஆசிரியர். அவரைப் பத்தியே தனியா ஒரு பதிவு எழுதலாம், இன்னொரு நாள் பார்ப்போம்.

1860-களில் தம்பதி சென்னைக்கு வந்தாங்க. சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயம்தான் கணவரின் சபை. அது அமெரிக்க மிஷன்காரங்க கட்டின கோயில். தமிழ்-ஆங்கில அகராதி போட்ட வின்ஸ்லோ இருந்த அதே மிஷன். அவங்க சென்னையை விட்டுக் கிளம்பினப்போ சி.எம்.எஸ். கைக்கு வந்தது. கணவர் பிரசங்க மேடையில் நின்னார். அன்னா தெருவில் இறங்கி, மத்த வீடுகளின் கதவைத் தட்டினாங்க.

'ஜெனானா வேலை'ன்னு அதுக்குப் பேர். வட இந்தியாவில் இருந்த மாதிரி பர்தா நம்ம பக்கம் கிடையாது. ஆனா பெண் வயசுக்கு வந்துட்டா, கல்யாணம் ஆயிட்டா, பள்ளிக்கூடம் அதோட முடிஞ்சது. எட்டு வயசுல ஒட்டுப் பள்ளியில் அ, ஆ எழுதினவ பன்னிரண்டுல அடுப்படியில் இருப்பா. படிப்பு வேணும்னா படிப்புதான் அவ வீட்டுக்கு வரணும். வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவை உள்ளே விடத் தயங்குற வீட்டில்கூட, புடவை கட்டி, தமிழ் பேசி, பிள்ளை பெத்து வளர்த்த ஒரு அம்மா வந்தா பாயைப் போட்டு உட்கார வைப்பாங்க. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் தையல், பைபிள் கதை. அதோட கூட, பிள்ளை வளர்ப்பு, நோய், மனக்கஷ்டம். இன்னிக்குக் 'கவுன்சிலிங்'னு போர்டு மாட்டி, நேரம் வாங்கிட்டுப் போய்ப் பேசுற விஷயமெல்லாம்தான்.

இந்த வேலையை நான் புத்தகத்துல படிச்சதை விட நேர்ல பார்த்துப் புரிஞ்சுக்கிட்டது அதிகம். கிழக்குத் தாம்பரத்தில் எங்க தெருவில் ஒரு ஆன்ட்டி இருந்தாங்க. ரிட்டயர்டு டீச்சர், எப்பவும் காட்டன் புடவை, கையில ஒரு துணிப்பை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடிச்ச நேரமாப் பார்த்து வருவாங்க. எங்க அம்மாகிட்ட பேசுறதை விடக் கேட்கிறதுதான் அதிகம். எழுந்திருக்கும்போது, "ஜெபம் பண்ணட்டுமாம்மா, உனக்குச் சங்கடம் இல்லையே?"ன்னு கேட்பாங்க. அம்மா சாமி ரூம் கதவைச் சாத்தாமலே தலையாட்டுவாங்க. அப்படி ஒரு ஏற்பாடு!

அன்னா விஷயத்தில் இதை மழுப்பக் கூடாதுன்னு நினைக்கிறேன். அவங்க போனது சும்மா எழுத்து சொல்லிக்கொடுக்க இல்லை. கேட்கிறவங்க கிறிஸ்துவை ஏத்துக்கணும்ங்கிறது அவங்க விருப்பம், அதை ஒளிச்சும் வைக்கலை. அந்தக் காலச் சென்னையில் இது தீப்பிடிக்கிற விஷயம். 1841-ல் எம்.சி.சி.யின் தாய்ப்பள்ளியான ஆண்டர்சன் பள்ளியில் சில மாணவர்கள் ஞானஸ்நானம் எடுத்ததும், பெத்தவங்க பிள்ளைகளை இழுத்துட்டுப் போய் வகுப்பறைகள் காலியாச்சு. அந்த ஞாபகம் இருந்த ஊர்லதான் அன்னா வீடு வீடாப் போனாங்க. கதவைத் திறந்த பெண்களும் ஒண்ணும் தெரியாதவங்க இல்லை. எழுத்தை எடுத்துக்கிட்டு மதத்தை விட்டுட்டவங்கதான் பெரும்பாலும் இருந்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது. நஷ்டம் யாருக்கும் இல்லை.

நல்ல தாய் எப்படி இருக்கணும்னு தமிழில் ஒரு சின்னப் புத்தகமும் அன்னா எழுதினாங்க. 1878-ல் கணவரோட இங்கிலாந்து போயிட்டும் வந்தாங்க. மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜில் படிச்சார்.

அதே 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார் கிருபாபாய். அகமத்நகர்க்காரர். பிராமண வீட்டிலிருந்து மதம் மாறிய பெற்றோரின் மகள், தாய்மொழி மராத்தி. கல்லூரி பெண்களைச் சேர்க்க ஆரம்பிச்சே மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. தெரிஞ்சவங்க யாரும் இல்லாத ஊர்ல அவர் தங்கினது சத்தியநாதன் வீட்டில். ஒரு வருஷத்துலயே உடம்பு ஒத்துக்காம படிப்பு நின்னு போச்சு. ஆனா பிறகு அந்த வீட்டுக்கே மருமகளா வந்தார். மொழி வேற, பிறந்த ஜாதி வேற, ஊர் வேற. இன்னிக்கும் நம்ம சபைகள்ல கல்யாண விளம்பரத்தைப் பாருங்க, எந்த ஜாதிக் கிறிஸ்தவர்னு முதல் வரியிலயே இருக்கும். நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பாதிரியார் வீட்டில் இது நடந்திருக்கு!

1890-ல் அன்னா, 1892-ல் கணவர், 1894-ல் முப்பத்திரண்டே வயசில் கிருபாபாய்னு நாலு வருஷத்துல மூணு சாவு. 1898-ல் சாமுவேல் மணந்த கமலா தெலுங்குக் கிறிஸ்தவர், மாமியாரைப் பார்த்ததே இல்லை. கமலாவின் மகள் பத்மினி சென்குப்தாவும் எழுத்தாளர். பேர்லயே வங்காளம் வந்துடுச்சு பாருங்க :-)

சீயோன் ஆலயத்து ஆட்கள் பெருமையாச் சொல்ற ஒரு வம்சாவளி உண்டு. ஜான் தேவசகாயம், டபிள்யூ.டி. சத்தியநாதன், டபிள்யூ.டி. கிளார்க்னு தலைமுறை தலைமுறையா குருமார்கள். 1974-ல் சென்னைப் பேராயரான சுந்தர் கிளார்க்கும் அந்த வழிதான், இறையியலாளர் சத்தியநாதன் கிளார்க் அவர் மகன். அப்பா பிள்ளைன்னு வரிசையா வந்த மாதிரிதான் கேட்கும். ஆனா ஜான் தேவசகாயத்துக்கு சத்தியநாதன் மாப்பிள்ளை, சத்தியநாதனுக்கு கிளார்க் மாப்பிள்ளை. முதல் இணைப்பு அன்னா, ரெண்டாவது அன்னாவின் மகள்.