கடன் அட்டையில் மிஞ்சி நிற்கும் பணம்: திரும்பப் பெறுவது எப்படி?

வட்டியிலிருந்து முழுமையாக விலகிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்துவிட்டு, கார்டையே மூடிவிட நினைக்கும் குடும்பங்கள் நம்மில் பல. அப்படி அடைக்கும்போது பைசா பாக்கி வரக்கூடாதென்று நூறு, ஐந்நூறு கூடுதலாகக் கட்டிவிடுவார்கள். அல்லது உம்ராவுக்கு எடுத்த டிக்கெட் ரத்தாகி, பில் கட்டி முடித்த பிறகு அந்தத் தொகை கார்டுக்கே திரும்பி வரும். அடுத்த மாத ஸ்டேட்மென்டில் தொகைக்கு முன்னால் கழித்தல் குறியோ, பக்கத்தில் 'சிஆர்' என்ற எழுத்தோ இருக்கும். அதைப் பார்த்து மீண்டும் கடன் ஏறிவிட்டதாகப் பதறி, இன்னொரு முறை பணம் கட்டியவர்களும் உண்டு. அது கடனல்ல, வங்கி உங்களுக்குத் தர வேண்டிய பணம்.

இந்தியாவில் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய கார்டு விதிமுறைகளின்படி, மிஞ்சிய தொகையை வங்கிக் கணக்குக்கு மாற்றக் கேட்டால் 3 வேலை நாட்களுக்குள் மாற்றித் தர வேண்டும். பில் கட்டிய பிறகு வரும் ரீஃபண்ட், கார்டு வரம்பில் 1 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டினால், உங்கள் சம்மதமின்றி அதைக் கார்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. வரம்பு ஒரு லட்சம் என்றால் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட எந்த ரீஃபண்டும் இதில் அடங்கும். 7 நாட்களுக்குள் சம்மதம் கேட்க வேண்டும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "அடுத்த முறை பொருள் வாங்கும்போது கழிந்துவிடும்" என்று சொல்லக்கூடும். கார்டைத் தொடர்ந்து பயன்படுத்துபவருக்கு அது சரிதான். விட்டுவிட நினைப்பவருக்கு அது கார்டை மறுபடி உரசச் சொல்வதாகவே ஆகும். மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், பணம் எடுக்கும் கட்டணம் பிடிக்கப்பட வாய்ப்புண்டு.

முன்பு பாக்கியைத் தவணை தவணையாகக் கட்டி வந்தவர்கள் ஒரு மாதம் பொறுப்பது நல்லது. ஸ்டேட்மென்ட் வந்த நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில்தான் வரும். அது தெரிந்த பிறகு மூடும்படி கேட்டால் சிக்கல் இருக்காது. பாக்கி ஏதும் இல்லாதபோது 7 வேலை நாட்களுக்குள் கார்டை மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். மூடிய பின் மிஞ்சிய தொகையும் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

மார்க்க ரீதியாக, இந்தத் தொகை உங்கள் அசல் பணம், வட்டியல்ல. திரும்பப் பெறுவதில் தயக்கம் வேண்டாம். நம்பிக்கையுடன் திரும்பக் கிடைக்கக்கூடிய கடன் என்பதால், ஸகாத் கணக்கிடும் நாளில் கையிருப்போடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடைக்காரர் தவறுதலாக இருமுறை ரீஃபண்ட் அனுப்பியிருந்தால் அந்த இரண்டாவது தொகை உங்களுடையதல்ல. அது அமானிதம், வங்கி கண்டுபிடிக்கட்டும் என்று காத்திராமல் உரியவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தில் ஒருவர் மவ்த்தாகிவிட்டால் அவருடைய கார்டை யாரும் கவனிப்பதில்லை. கடன் இருந்தால் சொத்தைப் பங்கிடும் முன் அடைக்க வேண்டும் (அல்குர்ஆன் 4:11). மிஞ்சிய பணம் இருந்தால் அது எல்லா வாரிசுகளுக்கும் உரியது. கார்டின் ரகசிய எண் தெரிந்த மகன் மட்டும் செலவழித்துத் தீர்ப்பதற்கல்ல. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழுடன் வங்கிக்கு எழுதிப் பெற்று, மற்ற சொத்துகளோடு சேர்த்துப் பங்கிட வேண்டும்.