மரம் ஏறும் கருவிகளை இரவில் மரத்தில் விட்டுவைத்தல்

மரம் ஏறும் கருவிகளை இரவில் மரத்தில் விட்டுவைத்தல் என்பது, ஒரே நாளில் முடியாத கிளை கழிப்பு அல்லது மர அகற்றல் பணியின்போது, ஏறுகயிறு, இறக்குகயிறு, கப்பி, காரபினர் முதலியவற்றைக் கீழே இறக்காமல் மறுநாள் பணிக்காக மரத்திலேயே விட்டுச் செல்லும் வழக்கத்தைக் குறிக்கும். ஆளின் எடையைத் தாங்கும் கயிற்றை ஏறுகயிறு என்றும், வெட்டிய கிளையைத் தாங்கி இறக்கும் கயிற்றை இறக்குகயிறு என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. இவ்வழக்கம் நேரத்தை மிச்சப்படுத்தினாலும், ஏறுபவரின் உயிருக்கு இடராக அமையக்கூடும்.

பின்னணி

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை ஆகிய இடங்களில் சிப்காட் தொழில் வளாகங்களும், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ளன. இத்தகைய தொழிற்பகுதிகளின் சாலையோரங்களிலும் ஆலை மதில்களின் அருகிலும் தூங்குமூஞ்சி, இயல்வாகை, புங்கை, வேம்பு போன்ற மரங்கள் வளர்க்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயலால் மரங்கள் சாய்வதும் கிளைகள் முறிவதும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று சென்னை அருகே கரையைக் கடந்த வர்தா புயல், சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

கட்டடங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரத்தை அடியோடு வெட்டிச் சாய்க்க இயலாது. கிளைகளை ஒவ்வொன்றாக அறுத்துக் கயிற்றில் இறக்க வேண்டும். இதற்கு இரண்டு, மூன்று நாட்கள் ஆகலாம். உயரத்தில் உள்ள உறுதியான கவட்டில் கயிற்றைப் போடுவதற்கே காலை வேளையில் நெடுநேரம் செலவாவதால், மாலையில் கயிற்றை அப்படியே விட்டுச் செல்லும் எண்ணம் எழுகிறது.

பனையேறுதலுடன் ஒப்பீடு

தமிழகத்தின் பழைய மரமேறும் தொழிலான பனையேறுதலிலும் ஒரு பொருள் இரவில் மரத்தில் தங்குகிறது. சீவிய பாளையில் கட்டப்படும், சுண்ணாம்பு பூசிய கலயமே அது. இரவு முழுவதும் அதில் வடியும் பதநீர் காலையில் இறக்கப்படும். ஆனால் ஏறுபவரின் உயிரைக் காக்கும் தளைநார் அவருடனேயே கீழே இறங்கிவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் அது அவர் காலிலேயே இருக்கிறது. உயிரைத் தாங்காத பொருள் மரத்தில் தங்கலாம், உயிரைத் தாங்கும் பொருள் ஏறுபவரின் பார்வையை விட்டு அகலக்கூடாது என்னும் இவ்வேறுபாடு கயிற்றுப் பணிக்கும் பொருந்தும்.

இடர்கள்

ஓர் இரவின் பனியோ தூறலோ நல்ல கயிற்றைக் கெடுத்துவிடாது. ஆனால் அந்த இரவில் கயிற்றுக்கு என்ன நேர்ந்தது என்பது எவருக்கும் தெரியாது என்பதே முதன்மையான சிக்கல். மேலே கவட்டில் உரசிக்கொண்டிருக்கும் பகுதியைத் தரையிலிருந்து பார்த்து அறியவும் முடியாது.

* விலங்குகள்: அணிலும் எலியும் கயிற்றைக் கடிக்கும். இழைகள் சில அறுந்தாலும் கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆள் ஏறும்போதே அது அறுபடக்கூடும்.
* மனிதர்கள்: காரபினரும் கப்பியும் விலையுயர்ந்தவை என்பதால் திருடப்படலாம். முடிச்சு அவிழ்க்கப்பட்டு மாற்றிக் கட்டப்படலாம். தொங்கும் கயிற்றில் சிறுவர்கள் ஊஞ்சலாடவும் ஏறவும் முயல்வர்.
* வாகனங்கள்: ஆலைப் பகுதிகளில் இரவிலும் சரக்கு வாகனங்கள் ஓடுகின்றன. சாலையின் மேல் தாழ்ந்து தொங்கும் கயிறு உயரமான கொள்கலன் வண்டியில் சிக்கினால் கிளையே முறிந்து விழலாம்.
* மின்சாரம்: கிளை கழிப்பதற்காகப் பகலில் நிறுத்தப்படும் மின்வழங்கல் மாலையில் மீண்டும் தரப்படும். பகலில் மின்சாரமற்ற கம்பியின் அருகே பாதுகாப்பாக இருந்த கயிறு, இரவில் மின்னோட்டமுள்ள கம்பியின் அருகே இருக்கும். நனைந்த, அழுக்கேறிய கயிறு மின்சாரத்தைக் கடத்தும்.
* வேதிப்பொருட்கள்: நைலான் இழைகளை அமிலங்கள் சிதைக்கும். பாலியெஸ்டர் அமிலத்தை ஓரளவு தாங்கும், ஆனால் கடுங்காரத்தால் சிதையும். இத்தகைய சேதம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், அமிலம் கையாளும் ஆலைகளின் அருகே கூடுதல் கவனம் தேவை.
* ஈரம்: நனைந்த நைலான் தன் வலிமையில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காட்டை இழக்கும். உலர்ந்தபின் இது பெரும்பாலும் மீளும். தேங்காய் நார், மணிலா போன்ற இயற்கை நார்க் கயிறுகள் தொடர்ந்து நனைந்தால் மட்கும்.

பாதி அறுத்த கிளையை இறக்குகயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் செல்வது இவை அனைத்தினும் ஆபத்தானது. காற்றில் கிளை ஆடும்போது கயிற்றின் மீதான விசை அதன் எடையைவிடப் பன்மடங்கு உயரலாம். எனவே தொடங்கிய அறுப்பை அன்றே முடித்துக் கிளையைத் தரையிறக்க வேண்டும்.

எறிகயிற்று முறை

காலை நேரம் வீணாவதைத் தவிர்க்க எளிய வழி உள்ளது. மாலையில் ஏறுகயிற்றின் ஒரு முனையில் மெல்லிய எறிகயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து இழுத்தால், ஏறுகயிறு கீழே வந்துவிடும். அது கிடந்த கவட்டில் எறிகயிறு மட்டும் தங்கும். அதன் இரு முனைகளையும் சிறுவர்களுக்கும் வாகனங்களுக்கும் எட்டாதவாறு அடிமரத்தை ஒட்டி உயரத்தில் கட்டிவிடலாம். மறுநாள் காலை அதைக்கொண்டு ஏறுகயிற்றைச் சில நிமிடங்களில் மேலேற்றலாம். எறிகயிறு களவுபோனாலோ அறுந்தாலோ இழப்பு சிறிது. அதில் எவரும் தொங்கப்போவதில்லை. மின்கம்பிகளின் அருகே உள்ள மரத்தில் எறிகயிற்றையும் விடுதல் கூடாது.

இறக்கிய கயிற்றை உலர்ந்த பையில் வைக்க வேண்டும். வாகனத்தில் மின்கலம், எரிபொருள், இரம்ப எண்ணெய் ஆகியவற்றின் அருகே போட்டுவைத்தால் மரத்தில் விட்டதைவிட மோசமான சேதம் நேரலாம்.

மறுநாள் சோதனை

தவிர்க்க இயலாமல் கயிறு இரவில் மரத்தில் தங்கிவிட்டால், அதில் ஏறுவதற்கு முன் முழுவதையும் கீழே இறக்கி, கைவிரல்களால் முழு நீளத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். மென்மையாகத் தளர்ந்த இடம், கடினமான இடம், நிறமாற்றம், அறுந்த இழை ஆகியவை இருந்தால் அக்கயிற்றைப் பயன்பாட்டிலிருந்து விலக்க வேண்டும். மீண்டும் போட்டபின், தரையில் நின்று இருவர் சேர்ந்து தொங்கி இழுத்துப் பார்த்த பிறகே ஒருவர் ஏறலாம். இரவுக் காற்றில் கிளையும் விரிசல் கண்டிருக்கலாம் என்பதால் கவட்டையும் சோதிப்பது இன்றியமையாதது.

சட்டங்கள்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, ஆலைகளில் பளு தூக்கும் கயிறுகளையும் சங்கிலிகளையும் 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என விதித்தது. ஐக்கிய இராச்சியத்தின் 1998ஆம் ஆண்டு விதிகள், ஆட்களைத் தூக்கும் கருவிகளுக்கு 6 மாதச் சோதனையைப் பொதுவாக வலியுறுத்துகின்றன. இத்தகைய காலமுறைச் சோதனைகள், ஒவ்வொரு நாளும் ஏறுமுன் செய்யவேண்டிய சோதனைக்கு மாற்றாகா.

இவற்றையும் பார்க்க

* பனையேறுதல்
* கயிறு
* வர்தா புயல்
* தூங்குமூஞ்சி மரம்